மனுவேலின் இரவல் சளி

மனுவேல் இருமத் தொடங்கினால் மஹியாவைச் சந்தில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து இடம் மாறிப் படுக்கும். அப்படி ஓர் இருமல். ஒரு வருடத்துக்கு மேலாக அதோடு குடித்தனம் நடத்திய மனுவேல், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் இருமுவதில்லை. பூசைக்குப் போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்தால் நெஞ்சு லேசாகிவிடும். திங்கட்கிழமை மத்தியானம் மறுபடி ஆரம்பிக்கும்.

"இது ஆண்டவரோட வேல" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். பங்குச் சுவாமியிடமும் சொன்னார். அற்புதம் என்று ஒப்புக்கொண்டால் ஆயருக்கு எழுத வேண்டி வருமே என்று சுவாமி பயந்திருக்க வேண்டும். "எதுக்கும் ஒரு டொக்டர்கிட்டயும் காட்டுங்க" என்று நழுவிவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியாருக்கும் மெழுகுதிரி கொளுத்திப் பார்த்தார் மனுவேல். பலனில்லை. அந்தோனியார் தொலைந்ததைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர். தொலைய வேண்டியதைத் தொலைத்துக் கொடுக்கும் பொறுப்பு வேறு யாரோ ஒரு புனிதரிடம் இருக்கவேண்டும். அவர் யாரென்று மனுவேலுக்குத் தெரியவில்லை.

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர் மனுவேல். கொழுந்து வேண்டாம், பாண் போதும் என்று இளவயதிலேயே கண்டிக்கு இறங்கி, கட்டுகஸ்தோட்டை வீதியில் ஒரு பேக்கரியில் மாப் பிசையச் சேர்ந்தார். அன்றிலிருந்து காலையில் கறுப்பாகப் போய்ச் சாயந்திரம் வெள்ளையாகத் திரும்பினார். கண்டியில் மிச்சமிருக்கும் கடைசி வெள்ளைக்காரர் என்று சந்தில் பெயர் வைத்திருந்தார்கள். பிசைகிற மெஷின் வந்த பிறகும், மா மூட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் கடைசித் தூசி விழும்வரை அவரே தட்டுவார். அந்த நேரத்தில் பேக்கரிக்குள் ஆளை ஆள் தெரியாது. கொரோனாக் காலத்தில் முதலாளி முகக்கவசம் கொடுத்தார். மனுவேல் அதைத் தாடைக்குப் போட்டுக்கொண்டார். வாசம் பிடிக்காமல் மாவு பிசைகிறவன் பேக்கரிக்காரன் இல்லை என்பது அவருடைய கொள்கை.

இப்படியே இருமிக்கொண்டு காலத்தை ஓட்டியிருப்பார். மகள் நடாஷாவின் கலியாணம்தான் கெடுத்தது.

மாப்பிள்ளை றொட்னி, கலகெதரவில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறவன். நல்ல பையன். அவனுடைய அம்மா ஷாமலா ஓய்வு பெற்ற டீச்சர். கைப்பையில் கை கழுவும் மருந்துப் போத்தல் இல்லாமல் வாசற்படி தாண்டாத மனுஷி. நிச்சயதார்த்தத்தன்று கேக் வெட்டும் நேரத்தில் மனுவேலுக்கு இருமல் பிடித்தது. கேக்கில் இருந்த மெழுகுதிரி அணைந்தது. ஷாமலா டீச்சர் தான் உட்கார்ந்திருந்த கதிரையைச் சத்தமில்லாமல் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தடவை இழுத்தார். கூட்டம் கலையும்போது டீச்சர் ஏறக்குறைய அடுப்படியில் இருந்தார்.

"அந்தக் கதிரைய பாத்தீங்களா?" என்றாள் மனைவி டொரதி அன்றைக்கு. "கோயில்ல ஓலை மூணு வாட்டி வாசிச்சு முடியுறதுக்குள்ள அந்தம்மா கதிரையோட கலகெதரைக்கே போயிருவாங்க. நாளைக்கே கிளினிக்குக்கு வாங்க."

ஓலை என்பது கலியாண அறிக்கை. மூன்று ஞாயிறு பூசையில், இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கலாம் என்று சுவாமி வாசிப்பார். முதல் ஓலை அடுத்த ஞாயிறு. டொரதி கணவரை மார்பு நோய் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே இருந்தவர் சஞ்சீவனி என்ற யாழ்ப்பாணத்து டொக்டர். வயது குறைவு, பொறுமை அதைவிடக் குறைவு. நெஞ்சைப் படம் பிடிக்க அனுப்பினார். பிறகு ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்.

"ஊதுங்கோ, ஊதுங்கோ, விடாதேங்கோ, இன்னும், இன்னும்..."

மனுவேல் ஊதினார். விசில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. மெஷின் கோடு போட்டது. டொக்டருக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை.

"மூச்சுக் குழாய் சுருங்கி இருக்கு. இருமல் எல்லாருக்கும் ஒரே சத்தம்தான் ஐயா, உள்ளுக்க இருக்கிற வருத்தம்தான் வேற வேற. சிகரெட்டால வாறது ஒண்டு, ஆஸ்மா ஒண்டு, டீபீ ஒண்டு. பாக்காமச் சொல்லேலாது. நீங்கள் என்ன வேலை?"

டீபீ என்ற சொல்லோடு மனுவேலின் காது அடைத்துவிட்டது. பேக்கரி என்று சொன்னால் பேக்கரியையே மூடிவிடுவார்களோ என்று பயந்து, "சும்மா, யாவாரம்" என்றார். டொக்டர் எழுதிக்கொண்டார். சளியைக் கேட்டபோது எச்சில்தான் வந்தது. ஒரு சிறிய டப்பாவைக் கொடுத்து, "நாளைக்கு விடிய எழும்பின உடன, பல்லு தீட்ட முன்னம், நெஞ்சுக்குள்ள இருந்து காறி எடுத்துக் கொண்டு வாங்கோ. துப்பல் வேண்டாம், சளி வேணும்" என்று அனுப்பினார்.

வரும் வழியெல்லாம் மனுவேலுக்குச் சித்தப்பாவின் ஞாபகம். தோட்டத்தில் சித்தப்பாவுக்கு அந்த நோய் வந்தபோது லயத்தில் ஒருத்தரும் அந்த வீட்டு வாசலில் கால் வைக்கவில்லை. தேத்தண்ணியைச் சிரட்டையில் ஊற்றித் தூரத்தில் வைத்துவிட்டுப் போவார்கள். இன்றைக்கு அதற்கு மாத்திரை இருக்கிறது, குணமாகும், அரசாங்கம் இலவசமாகவே கொடுக்கிறது. அதெல்லாம் மனுவேலுக்கும் தெரியும். ஆனால் ஷாமலா டீச்சரின் கதிரைக்குத் தெரியாதே. டீபீக்காரன் மகள் என்று ஒரு சொல் எழும்பினால் நடாஷாவின் கலியாணம் அதோடு முடிந்தது. அந்தப் பயத்தில்தான் உலகத்தில் எந்த முட்டாளுக்கும் வராத அந்த யோசனை அவருக்கு வந்தது.

எதிர்வீட்டுச் செல்லப்பா மாநகரசபையில் தண்ணி மீட்டர் வாசிக்கிறவர். கண்டியின் எல்லா மேடுகளையும் நடந்தே ஏறி இறங்குகிறவர். சமீபத்தில் உடம்பும் மெலிந்து, பெல்ட்டில் புதிது புதிதாக ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். நடக்கிற உடம்பு என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று சந்தே மெச்சியது. அதிகாலையில் அவர் வாசலில் நின்று காறுகிற காறலில்தான் சந்து கண் விழிக்கும். அது பீடிக் காறல், அதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்பது அனைவரின் முடிவு. ஆரோக்கியமான ஆள், கைவசம் சளியும் தாராளம். மனுவேலுக்கு வேறென்ன வேண்டும்?

"மச்சான், ஒரு ஒதவி."

"சொல்லு."

"ஒன் சளி கொஞ்சம் வேணும்."

ஏணி, குடை, மண்வெட்டி என்று எத்தனையோ இரவல் கொடுத்துப் பழகியவர் செல்லப்பா. "எவ்வளவு?" என்றார்.

மனுவேல் விஷயத்தைச் சொன்னதும் செல்லப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அட, இதுக்கா இப்புடி மூஞ்சிய வச்சிருக்க? நம்ம நடாஷாவுக்கு இதக்கூட செய்ய மாட்டேனா? காலையில டப்பாவ கொண்டா, நெறச்சே தாறேன்." சொன்னபடியே நிறைத்தார். மூடியைத் துடைத்துக்கூடக் கொடுத்தார்.

முதல் ஓலை வாசித்து ஓரிரு நாளில், பேக்கரியில் நிற்கும்போது மனுவேலின் கைபேசிக்குக் கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது. சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறதாம், உடனே வரவேண்டுமாம்.

மனுவேல் மாவுக் கையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஐயோ, எனக்கு டீபீ என்று முதலில் நெஞ்சில் அடித்துக்கொள்ளப் போனார். கை பாதி வழியில் நின்றது. அது தன் சளி இல்லையே. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவும் நிலைக்கவில்லை. அது செல்லப்பாவின் சளி. செல்லப்பாவின் வீட்டில் மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்து, பெற்ற குழந்தையோடு தங்கியிருக்கிறாள். பச்சைக் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, பீடிக் காறல் காறிக்கொண்டு, மூக்கோடு மூக்கு உரசிக் கொஞ்சுகிற தாத்தா அவர்.

அன்று மாலை மனுவேலின் மூளை இன்னொரு தடவை வேலை செய்தது. மாத்திரைகளைத் தானே வாங்கிவந்து, பேக்கரியில் சுடும், முதலை மாதிரி நீண்ட கிம்புலா பனிசுக்குள் வைத்து, தினமும் செல்லப்பாவுக்குக் கொடுத்துவிட்டால் என்ன? இதை டொரதியிடம் சொன்னார். டொரதி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒங்க மண்டைக்குள்ளயும் மாவுதான் இருக்கு" என்றாள்.

மறுநாள் காலையில் சுகாதாரப் பரிசோதகர், ஊர்ப் பேச்சில் பீ.எச்.ஐ. மாத்தயா, மோட்டார் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர், மரியாதையாக, மெதுவான குரலில்தான் விசாரித்தார். ஆனால் வீடு தெரியாததால் சந்து முழுவதும் விசாரித்தார். பீ.எச்.ஐ. மாத்தயா மனுவேல் வீட்டைத் தேடுகிறார் என்பது அவர் வீட்டை அடைவதற்கு முன்பே கலகெதரவை அடைந்துவிட்டது.

மனுவேல் கிளினிக்குக்கு ஓடினார். டொக்டர் சஞ்சீவனி நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டிருந்தார்.

"படத்தில ஒண்டும் இல்லை. சளியில கிருமி கொட்டிக் கிடக்கு. இதென்ன கூத்து ஐயா?"

"அது... என் சளி இல்லீங்க டொக்டர்."

டொக்டர் படத்தை மேசையில் வைத்தார். "வேற என்னென்ன பொய் சொன்னீங்கள்?"

மனுவேல் பேக்கரியையும் சொன்னார். சொல்லத் தொடங்கியதும் மூட்டை தட்டுவது, தாடைக் கவசம், ஞாயிற்றுக்கிழமை அற்புதம், எதிர்வீட்டுக் குழந்தை எல்லாம் வெளியே வந்தன. டொக்டர் தலையில் கைவைத்தார். பிறகு மூச்சு மருந்துப் பம்பு ஒன்றைக் கொடுத்து இழுக்க வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஊதச் சொன்னார். இந்த முறை விசில் இல்லை. கோடும் நன்றாக ஏறியது.

"உங்களுக்கு இருக்கிறது ஆஸ்மா. கோதுமை மாத் தூசியால வந்திருக்கும். ஞாயிறு உங்களைக் காப்பாத்துறது பூசை இல்லை ஐயா, லீவு. நம்பாட்டி இந்த ஞாயிறு கோயிலுக்கும் போகாம வீட்டில இருந்து பாருங்கோ. இப்ப அதை விடுங்கோ. சளி தந்த ஆளை எனக்கு நாளைக்கே வேணும். வீட்டில குழந்தை இருக்கெண்டு சொல்லுறீங்கள். மாத்திரை துவங்கினா அவருக்கு ஆறு மாசத்தில சுகம் வரும். துவங்காட்டி அவரும் போவார், குழந்தைக்கும் குடுத்துட்டுப் போவார்."

செல்லப்பா வாசலில் குழந்தையை மேலே தூக்கித் தூக்கிப் பிடித்து விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மனுவேலைக் கண்டதும் சிரித்தார். "என்னா மச்சான், பாஸா?"

"மச்சான், புள்ளைய உள்ள குடு."

"ஏன்டா?"

"குடுன்னா குடு!"

மனுவேல் இப்படிக் குரல் உயர்த்தி அவர் கேட்டதே இல்லை. குழந்தையை உள்ளே மனைவி யசோதாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். மனுவேல் சொல்லி முடித்தார். செல்லப்பா முதலில் சிரித்தார். பிறகு பெல்ட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு கோபம் வந்தது.

"டப்பாவுல யார் பேரு?"

"என் பேருதான்."

"அப்ப அது ஒன் சீக்கு. நீயே வச்சுக்க. குடுத்தத திருப்பி வாங்குற பழக்கம் எனக்கில்ல."

கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் அதிகாலை சந்து கண் விழிக்கவில்லை. காறல் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிந்தினார்கள், வேலைக்குப் போகிறவர்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். மனுவேல் மட்டும் விழித்திருந்தார். எதிர்வீட்டு யன்னலுக்குள்ளிருந்து, தலையணைக்குள் முகத்தை அமுக்கி இருமுகிற சத்தம் அவருக்குக் கேட்டது. கேட்கச் சகிக்காமல் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் யன்னலில் தட்டினார். செல்லப்பாவின் கண்கள் சிவந்திருந்தன.

"ராத்திரி பூரா கொல்லைப் பக்கந்தான்டா உக்காந்திருந்தேன், இப்பதான் உள்ள வந்தேன்" என்றார் செல்லப்பா. "புள்ள அழுதுச்சு, தூக்கல. யசோதா ஏன்னு கேக்குறா. என்னான்னு சொல்ல? மருமகன் வீட்டுல தெரிஞ்சா புள்ளைய இங்க விடுவாங்களா? ஆபீசுல ஒருத்தன் எனக்கு பக்கத்துல ஒக்காருவானா?"

"ஒருத்தனுக்கும் தெரியாது."

"கிளினிக் வாங்குல ஒக்காந்தா ஊருக்கே தெரியுமேடா!"

"ஊரு என்னா நெனைக்குது? எனக்கு டீபீன்னு நெனைக்குது. பீ.எச்.ஐ. வந்தது என் வீட்டுக்கு. டீபீக்காரன் கூட்டாளியெல்லாம் செக் பண்ணிக்கணும்னு சட்டம் இருக்குல்ல? நீ என் கூட்டாளி. என்னைய திட்டிக்கிட்டே வா. நான் முன்னுக்கு போறேன், நீ பின்னுக்கு வா."

"ஒன் மக கலியாணம்டா."

அதை மனுவேல் அந்த இரவு முழுவதும் யோசித்துப் பார்த்துவிட்டார். கலியாணம் தள்ளிப் போகலாம், நின்றும் போகலாம். எதிர்வீட்டுக் குழந்தையின் நெஞ்சு தள்ளிப்போட முடியாத விஷயம். "மேலச்சட்டைய போட்டுக்கிட்டு வா" என்று மட்டும் சொன்னார்.

செல்லப்பாவும் நன்றாகவே நடித்தார். "இவனால எனக்கு வேலை மெனக்கேடு" என்று சந்து முனைவரை திட்டிக்கொண்டு போனார். படம் பிடித்தார்கள். அவருடைய நெஞ்சின் மேல்பக்கம் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. இந்த முறை தன் சளியைத் தன் பெயரிலேயே கொடுத்தார். மாத்திரை அன்றே தொடங்கியது. தினமும் ஒருவர் பார்க்க விழுங்கவேண்டும் என்றார்கள். குழந்தையையும் யசோதாவையும் மகளையும் சோதித்து, குழந்தைக்குத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். தப்பித்தது. முதல் நாள் சிறுநீர் செம்மஞ்சள் நிறமாகப் போனதைக் கண்டு செல்லப்பா செத்தேன் என்று கத்தினார். அது மாத்திரையின் சாயம் என்று யசோதாதான் அடக்கினாள்.

அந்த ஞாயிறு இரண்டாவது ஓலை. மனுவேல் கோயிலுக்குப் போகாமல் வீட்டில் இருந்தார். ஓர் இருமலும் இல்லை. மனுவேலுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோய் போனதைவிட அற்புதம் போனதுதான் அவருக்குத் துக்கமாக இருந்தது.

"அப்ப ஆண்டவர் ஒண்ணுமே செய்யலயா?" என்று பூசை முடிந்து வந்த டொரதியிடம் கேட்டார்.

"ஏழாம் நாள் ஓய்வுன்னு சொன்னது யாரு?" என்றாள் டொரதி. "அவர் மருந்த அப்பவே எழுதிட்டாரு. நீங்கதான் மத்த ஆறு நாளும் மூட்டைய தட்டுனீங்க."

ஆனால் டொரதியின் முகம் சரியில்லை. ஷாமலா டீச்சர் கோயில் வாசலில் அவளை நிறுத்தியிருக்கிறார். மனுவேலுக்கு டீபீ இல்லை, ஆஸ்மாதான் என்று டொரதி அடித்துச் சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் பீ.எச்.ஐ. யாருடைய நோய்க்கு வந்தார் என்று டீச்சர் கேட்டிருக்கிறார். டொரதி வாயை மூடிக்கொண்டாள். மூன்றாவது ஓலைக்குப் பிறகு சுவாமியிடம் பேசி, கலியாணத்தை அடுத்த வருடத்துக்குத் தள்ளப் போவதாக டீச்சர் சொன்னாராம். றொட்னி தலையைக் குனிந்துகொண்டு நின்றானாம். நடாஷா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மனுவேல் கதவுக்கு வெளியே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். உண்மையைச் சொல்லிவிடலாமே என்று பலமுறை வாய்வரை வந்தது. பாவி மனுஷன், வாழ்க்கையில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஓலை ஞாயிறு. ஷாமலா டீச்சர் முன்வாங்கில், றொட்னி பக்கத்தில். மனுவேல் குடும்பம் இந்தப் பக்கம். அவர்களுடைய வாங்கில் வேறு யாரும் உட்காரவில்லை. சுவாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார். "... இவர்களுடைய திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

அந்தக் கேள்விக்கு அந்தக் கோயிலில் இதுவரை யாரும் பதில் சொன்னதில்லை. பதில் சொல்வதற்காகக் கேட்கிற கேள்வியும் அல்ல அது. இது கிறிஸ்தவர்களுக்குத் தெரியும். கலியாணம் தள்ளிப் போவதைச் சந்தில் கேள்விப்பட்டு வந்து, பக்கத்து யன்னலுக்கு வெளியே, நெற்றியில் திருநீறும் முகத்தில் கவசமுமாக நின்ற செல்லப்பாவுக்குத் தெரியாது.

"சாமி, நான் ஒண்ணு அறிவிக்கணும்" என்றார்.

கோயிலே திரும்பியது.

"உள்ள வரல சாமி, டொக்டர் இன்னும் கொஞ்ச நாள் வெளியில நிக்க சொல்லியிருக்காங்க. மனுவேலுக்கு டீபீ இல்ல. எனக்குத்தான் இருக்கு. அவன் கொண்டு போயி குடுத்தது என் சளி. என் மானம் போயிரக் கூடாதுன்னு அவன் வாயத் தொறக்கல. ஒரு புள்ள கலியாணத்த நிப்பாட்டி எனக்கு மானம் வேணாம். மாத்திரை போடுறேன், ஆறு மாசத்துல சொகமாயிரும். இதுல யாரும் கதிரைய தள்ளிப் போட வேணாம், தள்ளணும்னா என்கிட்ட இருந்து தள்ளுங்க. அவ்வளவுதான் சாமி, நீங்க வாசிங்க."

சுவாமி தாளைப் பார்த்தார், யன்னலைப் பார்த்தார். "இது... தடைன்னு சொல்றீங்களா?"

"தடை போயிருச்சுன்னு சொல்றேன் சாமி."

மனுவேல் சிரிக்கத்தான் பார்த்தார். அது அழுகையாகி வந்தது. அழுகை இருமலாக மாறியது. இத்தனை காலமாக ஞாயிற்றுக்கிழமையில் இருமாத மனுஷன், பீடத்துக்கு முன்னால், மெழுகுதிரி அணைகிற மாதிரி இருமினார். டொரதி பம்பைத் தேடிப் பையைக் கவிழ்த்தாள். எல்லோரும் ஷாமலா டீச்சரைப் பார்த்தார்கள்.

டீச்சர் எழுந்தார். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். நடைபாதையைக் கடந்து வந்து, மனுவேலின் வாங்கில் உட்கார்ந்தார். பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தார்.

"மெதுவா குடிங்க சம்பந்தி" என்றார்.

மனுவேல் போத்தலில் வாய் வைத்துத்தான் குடித்தார். டீச்சர் அதைத் திரும்ப வாங்கித் தன் பையிலேயே வைத்துக்கொண்டார்.

மனுவேல் இப்போது மூட்டை தட்டுவதில்லை. முதலாளி அவரைப் பாட்டுப் போட்டுக்கொண்டு வீதி வீதியாகப் போகும் பாண் ஓட்டோவில் ஏற்றிவிட்டார். காலையில் முதல் வேலையாக வண்டியைச் செல்லப்பா வாசலில் நிறுத்துவார். பாட்டைக் கேட்டுத்தான் சந்து இப்போது கண் விழிக்கிறது. இனிக் குழந்தையைத் தூக்கலாம் என்று டொக்டர் சொன்ன பிறகும், செல்லப்பா மாத்திரையை விடாமல் விழுங்குவார்.

"வாயத் தொற" என்பார் மனுவேல். "நாக்க தூக்கு."

செல்லப்பா நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, உள்ளேயிருந்து குழந்தையை வாங்கிக்கொண்டு வந்து, ஒரு கிம்புலா பனிஸ் எடுத்துக்கொள்வார்.